செல்லியின் இடக்கை

தீர்த்தம்மாள்: ...இன்னுஞ் செத்த நேரம் உக்காருங்க. புள்ள இப்பத்தான் கண்ணசந்தா.

மாதையன்: தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா தூக்கம் கலைஞ்சா போயிரும்?

தீர்த்தம்மாள்: வெயிலு ஏறிப் போச்சுங்களே.

மாதையன்: கெளம்பறப்ப ஏறல. கண்ட மரத்துக்கெல்லாம் அடியில உக்காந்து உக்காந்து எந்திரிச்சா ஏறாம என்ன பண்ணும்?

தீர்த்தம்மாள்: கால்ல முள்ளு குத்திருச்சுங்க.

மாதையன்: எந்தக் காலு?

தீர்த்தம்மாள்: இது.

மாதையன்: முன்னாடி மரத்தடியில அந்தக் காலுன்னு சொன்ன.

தீர்த்தம்மாள்: ரெண்டுலயுந்தான் குத்துச்சு.

மாதையன்: நீட்டு, எடுத்துடறேன்.

தீர்த்தம்மாள்: அய்யோ, வேணாஞ்சாமி! போன தடவ எடுக்கறேன்னு உள்ளார தள்ளி உட்டீங்க. ஊசியால நோண்டி நோண்டி உசுரே போச்சு.

மாதையன்: சரிதான்... என் கைக்கு எதுதான் வந்துச்சு, முள்ளு மட்டும் வர்றதுக்கு.

தீர்த்தம்மாள்: ஆரம்பிச்சிட்டீங்களா?

மாதையன்: உள்ளதச் சொன்னேன் புள்ள. அருவா புடிச்சா வெரலு போவும். வெதை தெளிச்சா ஒரு பக்கம் குமியும், ஒரு பக்கம் மொட்டையாக் கெடக்கும். அதான் தம்பி நஞ்சப்பன் வெதைக்கறான், அண்ணங்காரன் பின்னால கூடை சொமக்கறேன். எருமையும் எருவுந்தான் நமக்கு. ஊரே சிரிக்குது.

தீர்த்தம்மாள்: நான் சிரிச்சிருக்கேனா?

மாதையன்: முள்ளு எடுக்கறேன்னதும் காலை இழுத்துக்கிட்ட.

தீர்த்தம்மாள்: அது வேற, இது வேற.

மாதையன்: ம்... ஏ புள்ள, இந்த மூட்டை ஏன் இந்தக் கனம் கனக்குது?

தீர்த்தம்மாள்: செல்லிக்கு மாத்துத்துணி.

மாதையன்: கையளவு புள்ளைக்கு மலையளவு துணியா? ஓரத்துல செவப்பாத் தெரியுதே... நம்ம கண்ணாலத்துச் சேலை மாதிரி.

தீர்த்தம்மாள்: குளுருமேன்னு எடுத்தாந்தேன்.

மாதையன்: சித்திரை மாசம். பொழுதோட வூடு திரும்பப் போறோம். குளுருமா?

தீர்த்தம்மாள்: புள்ளைக்குச் சூடு போட்டா காச்சல் வரும். காச்சல் வந்தா குளுரும். குளுந்தா போத்த வேணாமா?

மாதையன்: ...ஆமா. போத்தணும்.

தீர்த்தம்மாள்: அதான்.

மாதையன்: மஞ்சக் கொம்பு பத்திரமா இருக்குதா?

தீர்த்தம்மாள்: இருக்கும்.

மாதையன்: இருக்குமாவா? அப்பன் உங்கையிலதான குடுத்தாரு. வைத்தியன் வூட்டு மஞ்ச ஆவாது, நம்ம வூட்டு மஞ்சளச் சுட்டுத்தான் வெக்கணும்னு அத்தனை தடவ சொன்னாரே.

தீர்த்தம்மாள்: முந்தியிலதான் முடிஞ்சிருந்தேன். அவுந்து எங்கியோ...

மாதையன்: ஓடைப் பாலத்துல நின்னு கீழ எட்டி எட்டிப் பாத்தியே. அப்ப அவுந்துச்சா?

தீர்த்தம்மாள்: மீன் ஓடுதான்னு பாத்தேங்க.

மாதையன்: ஓடையில தண்ணியே இல்ல.

தீர்த்தம்மாள்: அதான் மீனும் இல்ல.

மாதையன்: ...உன்னோட பேசி நான் எப்ப செயிச்சேன்?

தீர்த்தம்மாள்: ஏனுங்க... சுட்டு எந்த எடத்துல வெப்பான்?

மாதையன்: மணிக்கட்டுக்கு உள்பக்கம். நரம்பு ஓடற எடத்துல.

தீர்த்தம்மாள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாதையன்: கேள்விப்பட்டதுதான். அப்பறம் அந்தக் கைய எடுக்கவே பயம் வந்துருமாம். சோத்தப் பாத்தா வலது கை தானா வருமாம். அப்பன் சொன்னாரு.

தீர்த்தம்மாள்: இன்னும் முழுசாப் பேச்சு வராத புள்ளைங்க. வலது எது, இடது எதுன்னு அதுக்குத் தெரியுமா?

மாதையன்: தெரியாததாலதான நோம்பியன்னிக்கு அத்தனை சனமும் பந்தியில உக்காந்திருக்கறப்ப, பீச்சாங்கையில கறிச்சோத்த அள்ளிச்சு.

தீர்த்தம்மாள்: அள்ளுனா என்ன? அழகாத் தின்னா. ஒரு பருக்கை கீழ உழல.

மாதையன்: அதுதான் அப்பனுக்கு ஆவல. பொட்டப்புள்ள பீச்சாங்கையில தின்னா எவன் கட்டுவான், அந்தக் கையில வெளக்கேத்துனா குடும்பம் வெளங்குமான்னு...

தீர்த்தம்மாள்: அதைச் சொல்லிட்டு என்னையத்தான் பாத்தாரு மாமா. "எல்லாம் பொறந்த வூட்டுச் சீரு"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க எலையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க.

மாதையன்: எலையில... ஈ உக்காந்துச்சு.

தீர்த்தம்மாள்: ஓட்டுனீங்களா?

மாதையன்: இல்ல.

தீர்த்தம்மாள்: அதான் பாத்தேனே.

மாதையன்: ஏ புள்ள, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. உங்க பக்கம் யாருக்காச்சும்...

தீர்த்தம்மாள்: என்ன, யாருக்காச்சும்?

மாதையன்: பீச்சாங்கைப் பழக்கம்.

தீர்த்தம்மாள்: எங்க பக்கமா? எங்க... எங்கப்பனுக்குக் கெடையாது. எங்கண்ணனுக்கும் கெடையாது. ஏன், உங்க பக்கம்?

மாதையன்: எங்க பக்கமா? சேச்சே. நஞ்சப்பனப் பாத்தா தெரியல?

தீர்த்தம்மாள்: நஞ்சப்பனையா கேட்டேன்?

மாதையன்: பொதுவாச் சொன்னேன்.

தீர்த்தம்மாள்: அப்ப புள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?

மாதையன்: அதான் புரியல.

தீர்த்தம்மாள்: எனக்கும் புரியல.

மாதையன்: இந்தா, யாரோ வர்றாங்க. புள்ள கைய மூடு.

தீர்த்தம்மாள்: எந்தக் கைய?

மாதையன்: அது... ரெண்டையும் மூடு!

குள்ளம்மாள்: யாருப்பா அது, நட்ட வெயில்ல புள்ளையப் போட்டுக்கிட்டு? என் வெள்ளாடு இந்தப் பக்கம் வந்துச்சா?

மாதையன்: பாக்கலீங்கக்கா.

குள்ளம்மாள்: நான் பக்கத்துக் கொட்டாய்க் குள்ளம்மா. காலையிலேருந்து அந்த மூதேவி என்னைய மேய்க்குது. நீங்க எங்க போவணும்?

மாதையன்: கரட்டடிக்குங்க. வைத்தியன் வூட்டுக்கு.

குள்ளம்மாள்: புள்ளைக்கா? என்ன பண்ணுது?

மாதையன்: கைங்க.

குள்ளம்மாள்: ஒடஞ்சு போச்சா?

மாதையன்: ஒடையலீங்க.

குள்ளம்மாள்: வெளங்காம இருக்குதா?

தீர்த்தம்மாள்: நல்லா வெளங்குதுங்கக்கா. எதைப் புடிச்சாலும் உடாது.

குள்ளம்மாள்: நல்லா இருக்கற கைக்கு எதுக்கம்மா வைத்தியம்?

மாதையன்: அது நல்லாத்தான் இருக்குதுங்க. அதான் கஷ்டம்.

குள்ளம்மாள்: என்னப்பா சொல்ற, ஒண்ணும் வெளங்கலையே! வெயிலு தலைக்கு ஏறிருச்சா? அது கெடக்குது... கரட்டடின்னா ஓடைக்கு முன்னாலயே வடக்கால திரும்பியிருக்கணும். இது மொரப்பூர் டேசனுக்குப் போற தடம்.

மாதையன்: டேசனுக்கா?

குள்ளம்மாள்: பின்ன? இன்னுங் கொஞ்ச நேரத்துல ரயிலு கத்தறதே கேக்கும். வழியில ஒருத்தர நிறுத்திக் கேக்கறதுக்கு வாயில்ல? பாவம் புள்ள... ஏய்! அந்தா நிக்குது பாரு புதருக்குள்ள! பா... பா... நில்லு, வர்றேன் உன்னைய!

மாதையன்: ...தீர்த்தா.

தீர்த்தம்மாள்: ம்.

மாதையன்: குறுக்கு வழின்னு சொன்ன.

தீர்த்தம்மாள்: சொன்னேன்.

மாதையன்: கண்ணக் கட்டி உட்டாலும் போவேன்னு சொன்ன.

தீர்த்தம்மாள்: டேசனுக்குப் போவேங்க.

மாதையன்: டேசன்ல என்ன?

தீர்த்தம்மாள்: வண்டி.

மாதையன்: வண்டி வர்றது எனக்குந் தெரியும். நமக்கு அங்க என்ன?

தீர்த்தம்மாள்: நமக்கில்லீங்க. எனக்கும் புள்ளைக்கும். ஜோலார்பேட்டையில எங்க சின்னக்கா இருக்குதில்ல... அங்க போயிடலாம்னு.

மாதையன்: என்னைய உட்டுட்டா?

தீர்த்தம்மாள்: மரத்தடியில உக்காந்தா நீங்க தூங்குவீங்க, அப்ப புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடிடலாம்னு பாத்தேன். அதான் மரம் மரமா உக்காந்தேன். நீங்க கண்ணையே மூடல.

மாதையன்: அப்ப முள்ளு குத்தலையா?

தீர்த்தம்மாள்: குத்தல.

மாதையன்: ஒரு கால்லயும்?

தீர்த்தம்மாள்: ஒரு கால்லயும். ஏசுங்க. அடிக்கறதுன்னாலும் அடிங்க. ஆனா அந்தப் பிஞ்சுக் கையில நெருப்பு வெக்கறத நான் நின்னு பாக்க மாட்டேன். பாக்க மாட்டேங்க.

மாதையன்: எதுக்கு ஏசணும்? ஓடை தாண்டறப்பவே எனக்குத் தெரியும், தடம் தப்புன்னு.

தீர்த்தம்மாள்: தெரியுமா!

மாதையன்: எருமை மேய்க்கறவனுக்கு வடக்கு தெற்கு தெரியாதா?

தீர்த்தம்மாள்: தெரிஞ்சுக்கிட்டே ஏன் பேசாம வந்தீங்க?

மாதையன்: அதான் எனக்கே வெளங்கல. கரட்டடிக்குப் போவணும்னுதான் நெனைக்கறேன். காலு இந்தப் பக்கம் போவுது. சரி, வழி தப்பிருச்சுன்னு அப்பங்கிட்ட சொல்லிக்கலாம்னு வந்தேன். நாளைக்கு மறுக்கா போடாம்பாரு. நாளைக்கும் வழி தப்பலாம். அதுக்கு மறுநாளு? எத்தனை நாளைக்குப் புள்ள வழி தப்பறது?

தீர்த்தம்மாள்: நீங்களும் போவக்கூடாதுன்னுதான் வந்தீங்களா? அதை வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? நான் ஒருத்தி இங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு...

மாதையன்: என்னான்னு சொல்றது? ஏன்னு கேப்ப.

தீர்த்தம்மாள்: கேட்டா சொல்றது.

மாதையன்: அந்தத் தண்ணிச் செம்ப எடு, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

தீர்த்தம்மாள்: ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா...

மாதையன்: இரு. சத்தம் கேக்குது. உன் வண்டியா?

தீர்த்தம்மாள்: பட்டாளத்து வண்டிங்க. சண்டை வந்ததுலேருந்து அதுதான் போவுது, வருது. அதுல நம்மள ஏத்த மாட்டாங்க. நான் என்ன சொல்ல வந்தேன்னா...

மாதையன்: அசையாத.

தீர்த்தம்மாள்: என்னங்க?

மாதையன்: அசையாத புள்ள. செல்லி தலமாட்டுல... கொரங்கு.

தீர்த்தம்மாள்: ஆத்தா! தாட்டியான கடுவனாட்டம் இருக்குதே... பல்லக் காட்டுது! கல்லக் கீழ போடுங்க, நீங்க எறியாதீங்க! புள்ள மேல பட்டுரும்! உங்க கைக்கு...

மாதையன்: குனி!

தீர்த்தம்மாள்: வேணாங்...

மாதையன்: ஓடு! ஓடு கழுதை!

தீர்த்தம்மாள்: ...பட்டுருச்சு. ஏனுங்க, பட்டுருச்சுங்க! திரும்பிக்கூடப் பாக்காம ஓடுது. புள்ளைக்குத் தூக்கங்கூட கலையல!

மாதையன்: ம்.

தீர்த்தம்மாள்: ஏனுங்க.

மாதையன்: என்ன?

தீர்த்தம்மாள்: உங்க வலது கையில தண்ணிச் செம்பு இருக்குது.

மாதையன்: இருக்குது.

தீர்த்தம்மாள்: அப்பவும் இருந்துச்சு. ஒரு சொட்டு சிந்தல. எந்தக் கையால எறிஞ்சீங்க?

மாதையன்: யார்கிட்டயும் சொல்லாத.

தீர்த்தம்மாள்: இங்க யாரு இருக்கா? கொரங்கும் ஓடிப் போச்சு.

மாதையன்: எனக்கும்... செல்லி மாதிரிதான். சின்னதுலேருந்து.

தீர்த்தம்மாள்: நெசமாவா?

மாதையன்: இந்தத் தழும்பு வெல்லங் காச்சற கொப்பரை பட்டதுன்னு சொன்னேனில்ல? ஊருக்கெல்லாம் அப்பன் அப்படித்தான் சொன்னாரு. கொப்பரை இல்ல. மஞ்சக் கொம்பு.

தீர்த்தம்மாள்: அய்யோ... இங்க குடுங்க கைய. மாமாவா வெச்சாரு?

மாதையன்: வைத்தியன் வெச்சான். அப்பன் புடிச்சுக்கிட்டாரு. எங்காத்தாளுக்குக் கருமாதி முடிஞ்ச கையோட.

தீர்த்தம்மாள்: அத்தை செத்ததுக்கும் உங்க கைக்கும் என்ன?

மாதையன்: நாந்தான... ஆத்தா ரொம்ப நாளாக் கெடையில கெடந்தா. அன்னிக்கு வூட்டுல யாருமில்ல. நான் கன்னுக்குட்டியக் கட்டிட்டு உள்ள வர்றேன், நாக்கு வறளுதுடாங்கறா. பால் இருந்துச்சு. எடுத்து ஊட்டுனேன். எந்தக் கைன்னு யோசிக்கல, கை தானாப் போச்சு. நிமுந்து பாத்தா அப்பன் வாசப்படியில நிக்கறாரு. பொழுது சாயறதுக்குள்ள ஆத்தா போயிட்டா.

தீர்த்தம்மாள்: அதுக்கு?

மாதையன்: "பீச்சாங்கையில பால் ஊத்திக் கொன்னுட்டியேடா"ன்னாரு. அத்தனை சனத்துக்கும் நடுவுல இல்ல. என் காதுக்குள்ள. அதுலேருந்து இந்தக் கைய நான் கையாவே நெனைக்கல. தொட்டதெல்லாம் போயிரும்னு...

தீர்த்தம்மாள்: அதான் செல்லி பொறந்தப்ப ஒத்தக் கையில வாங்குனீங்களா? எங்கம்மா பயந்தே போச்சு, இந்த மனுசன் புள்ளையக் கீழ போட்டுருவாருன்னு.

மாதையன்: இந்தக் கை அவ மேல படக்கூடாதுன்னு.

தீர்த்தம்மாள்: இன்னி வரைக்கும் படவேயில்லையா?

மாதையன்: படல.

தீர்த்தம்மாள்: ...அத்தை அந்தப் பாலக் குடிச்சாங்களா?

மாதையன்: ம்?

தீர்த்தம்மாள்: குடிச்சாங்களா, துப்புனாங்களா?

மாதையன்: குடிச்சா. அம்புட்டையும் குடிச்சா. கண்ணத் தொறந்து பாத்து, "வயிறு குளுந்துச்சுடா தம்பி"ன்னா.

தீர்த்தம்மாள்: இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?

மாதையன்: சொல்றதா? எனக்கே இப்பத்தான நெனப்பு வருது. அப்பன் சொன்னதுதான் காதுல நின்னுச்சு. ஆத்தா சொன்னது... எங்க போச்சு அது இத்தனை நாளா?

தீர்த்தம்மாள்: கெடையில கெடந்தவங்களுக்கு வேளை வந்துச்சு, போயிட்டாங்க. போறப்ப வயிறு குளுந்து போனாங்க. அவங்களே சொல்லிட்டுப் போயிருக்காங்க. அப்பறம் என்ன?

மாதையன்: கொழப்பாத புள்ள. ஏற்கெனவே அந்தச் சாமைய நெனைச்சாலே தலை சுத்துது.

தீர்த்தம்மாள்: எந்தச் சாமை?

மாதையன்: நஞ்சப்பன் காச்சல்ல கெடந்தானே ஒரு தடவ. மழை பேஞ்சு காட்டுல ஈரம் காயுது, வெதைக்க ஆளில்ல. நான் தனியா மேக்காட்டுக்குப் போனேன். மொதல்ல வலது கையில தெளிச்சேன். வழக்கம்போலத்தான். அப்பறம் சுத்தியும் பாத்தேன்... யாருமில்ல...

தீர்த்தம்மாள்: இந்தக் கையிலயா!

மாதையன்: கை அதுபாட்டுக்குப் போவுது புள்ள. நான் நடக்கறேன், அது வீசுது. வெதை மண்ணுல உழற சத்தமே வேற மாதிரி இருந்துச்சு.

தீர்த்தம்மாள்: அந்த மேக்காட்டுச் சாமைய ஊரே வந்து பாத்துச்சே! பாய் விரிச்சாப்பல மொளைச்சிருக்குதுன்னு... நஞ்சப்பன் கைராசின்னு மாமா சந்தையில எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரே!

மாதையன்: அவன்தான் காச்சலோட எந்திரிச்சுப் போயி வெதைச்சான்னு நாந்தான் சொன்னேன்.

தீர்த்தம்மாள்: நஞ்சப்பன் ஒத்துக்கிட்டானா?

மாதையன்: காச்சல் வேகத்துல போயிருப்பேன்போலன்னு அவனும் நம்பிட்டான்.

தீர்த்தம்மாள்: அடக் கடவுளே...

மாதையன்: சிரிக்காத. மொளைக்கற வரைக்கும் எனக்குச் சோறு எறங்கல. கருகிரும் கருகிரும்னே பாத்தேன். கருகல. ஏன் கருகலன்னு இன்னி வரைக்கும் வெளங்கல.

தீர்த்தம்மாள்: எனக்கு வெளங்குது.

மாதையன்: என்ன?

தீர்த்தம்மாள்: கை நல்லா இருக்குது. அவ்ளோதான்.

மாதையன்: அவ்ளோதானா?

தீர்த்தம்மாள்: வேற என்ன வேணும்?

மாதையன்: இல்ல... அவ்ளோதான்னா இத்தனை வருசம் நான் கூடை சொமந்தது எதுக்கு?

தீர்த்தம்மாள்: அதை என்னையக் கேட்டா?

செல்லி: அப்பா...

தீர்த்தம்மாள்: எந்திரிச்சுட்டா பாருங்க.

செல்லி: அப்பா, தூக்கு.

மாதையன்: இரு கண்ணு, செம்பக் கீழ வெச்சுட்டு...

தீர்த்தம்மாள்: செம்பு வலது கையிலயே இருக்கட்டுங்க.

மாதையன்: ஏ புள்ள...

தீர்த்தம்மாள்: இருக்கட்டும்.

மாதையன்: இந்தக் கை அவ மேல படுமே.

தீர்த்தம்மாள்: படட்டும். தூக்குங்க.

செல்லி: அப்பா, மேல. இன்னும் மேல.

மாதையன்: தூக்கிட்டேன்.

தீர்த்தம்மாள்: தெரியுதுங்க.

மாதையன்: என்ன இவ்ளோ லேசா இருக்கறா! இத்தனை நாளாக் கனத்தாளே...

தீர்த்தம்மாள்: மொகத்த ஏன் அந்தப் பக்கம் திருப்பறீங்க? அழுவறதுன்னா அழுதுட்டுப் போங்க.

மாதையன்: யாரு அழுதா? தூசி. எந்திரி, மூட்டைய எடு.

தீர்த்தம்மாள்: எங்க? டேசனுக்கா, கரட்டடிக்கா?

மாதையன்: வூட்டுக்கு.

தீர்த்தம்மாள்: மாமா வாசல்லயே நிப்பாரு. புள்ள கையத் தூக்கிப் பாப்பாரு.

மாதையன்: பாக்கட்டும். என் கையத் திருப்பித் தழும்பக் காட்டறேன். இது எங்கிட்டருந்து வந்தது, எம்புள்ள கையில யாரும் நெருப்பு வெக்கக் கூடாதுன்னு சொல்றேன். மழை வந்ததும் மேக்காடு நாந்தான் வெதைப்பேன்னும் சொல்லணும். எல்லாரும் பாக்க.

தீர்த்தம்மாள்: சொல்லிடுவீங்களா?

மாதையன்: தெரியல. இங்க நின்னு பேசறப்ப வருது. அவரு முன்னால நின்னா பாதியிலயே உட்டுருவேன். உட்டுட்டா மீதிய நீ சொல்லு. இவருக்குப் பொறப்புலயே இப்படி, புள்ளைக்கு அங்கேருந்துதான் முழுசும் வந்துச்சுன்னு பட்டுனு சொல்லிடு.

தீர்த்தம்மாள்: முழுசும்னு சொல்ல முடியாதுங்க.

மாதையன்: ஏன்?

தீர்த்தம்மாள்: பாதிதான் உங்குளுது.

மாதையன்: பாதியா? அதென்ன பாதி? மறுக்கா கொழப்பற பாரு.

தீர்த்தம்மாள்: நான் ராகிக்கல்லு சுத்தி நீங்க எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?

மாதையன்: எங்க பாக்கறது? நீதான் மாவரைக்க உக்காந்தா கதவச் சாத்திக்கறியே. அடுத்த வூட்டுக் கோழி உள்ள வந்து கொத்துதுன்னு.

தீர்த்தம்மாள்: அடுத்த வூட்டுல கோழியே இல்லீங்க... எனக்கும் இந்தக் கைதான்.